ரிச்சி தெருவில் ஆயாவின் ரேடியோ: 640 ரூபாய், மூன்று வாரம், ஒரு சின்ன சண்டை

பழைய ரேடியோவைத் திறந்து பார்க்கிற ஆள் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இருக்கிறார். கடைக்குப் பெயர்ப் பலகை இல்லை, பில் இல்லை, சொன்ன நாளில் கொடுக்கிற வழக்கமும் இல்லை, ஆனால் வேலை தெரிந்த மனிதர். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். மிச்சம் ஒன்றை நான் ஏன் கொடுக்கவில்லை என்பது கொஞ்சம் நீளமான கதை, அதை எங்கள் ஆயாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் வீடு பெரம்பூர். தாத்தா பி அண்ட் சி மில்லில் தறி ஓட்டியவர், 1996-இல் மில்லை மூடும்வரை அங்கேதான் வேலை. நான் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன் என்பதால் அந்த மில்லைப் பற்றி, 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உண்டானது பற்றி, 1921 போராட்டம் பற்றியெல்லாம் வகுப்பில் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்திருக்கிறேன். ஆனால் அந்த மில் சம்பளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த சாமான்களில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது ஒரு பித்தளை அண்டாவும் இந்த ரேடியோவும்தான் என்பது ரேடியோ வாயடைத்துப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர். மீடியம் வேவ், ஷார்ட் வேவ் என்று இரண்டே பேண்ட், எஃப்எம் கிடையாது. நான்கு பெரிய பேட்டரி போட வேண்டும். முன்பக்கம் இருந்த கம்பெனிப் பெயர்த் தகடு எப்போதோ விழுந்துவிட்டது, பசை ஒட்டிய தடம் மட்டும் நிற்கிறது, அதனால் எந்த கம்பெனி என்று கேட்காதீர்கள். இதற்கு லைசென்ஸ் வேறு இருந்ததாம். போஸ்ட் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி, பாஸ்புக் மாதிரி ஒரு சின்னப் புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டி வாங்கி வர வேண்டும், 1980களில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. அந்தப் புத்தகத்தை ஆயா ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரே மஞ்சள் பையில் இன்னும் வைத்திருக்கிறார், யாராவது வந்து செக் பண்ணுவார்கள் என்பது போல.

டயல் கண்ணாடி மேல் மூன்று சிவப்புப் புள்ளிகள் இருந்தன. தாத்தா க்யூட்டெக்ஸில் வைத்தது. ஆயாவுக்கு எண் படிக்க வராது, அதனால் முள் எந்தப் புள்ளிக்கு நேரே நின்றால் என்ன வரும் என்று மனப்பாடம். ஒன்று சென்னை, ஒன்று திருச்சி, ஒன்று சிலோன். ஆயாவின் ஊர் லால்குடி பக்கம், கல்யாணமாகி இங்கே வந்த பிறகு ராத்திரி நேரத்தில் திருச்சி ஸ்டேஷன் எடுத்தால் ஊருக்குப் போய் வந்த மாதிரி இருக்குமாம். பகலில் மீடியம் வேவ் அலையை வானத்தில் இருக்கிற ஒரு அடுக்கு உறிஞ்சிவிடும், பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்து அலை மேலே போய்த் திரும்பி வெகுதூரம் வரும் என்பதெல்லாம் நான் பின்னால் படித்தது. ஆயாவுக்கு அது, விளக்கு வைத்த பிறகு திருச்சி தானாகக் கிட்டே வரும், அவ்வளவுதான்.

போன தீபாவளிக்கு முன்னால் அது நின்றுபோனது. ஆன் செய்தால் தகரக் கூரையில் மண்ணைக் கொட்டுகிற மாதிரி ஒரு கரகரப்பு, அப்புறம் மௌனம். நான் என்ன செய்தேன், டியூஷன் எடுத்த காசில் 800 ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன், என் போனில் பழைய பாட்டு வரிசை ஒன்று போட்டுவிட்டேன். பேத்தி கடமையைச் செய்துவிட்டாள் என்று எனக்கே ஒரு பெருமை. நான்கு நாள் ஓடியது. ஐந்தாவது நாள் ஒரு சோகப் பாட்டின் சரணத்துக்கு நடுவே தங்க நகைக் கடன் விளம்பரம் வந்தது, ஆயா ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மத்தியானம் எனக்கு வகுப்பு, போன் என்னோடு வந்துவிட்டது, ஸ்பீக்கர் வீட்டில் சும்மா கிடந்தது. சாயங்காலம் வந்தபோது சொன்னார்: "பாட்டு கேக்கணும்னா உன்னக் கூப்டணும், நிறுத்தணும்னாலும் உன்னக் கூப்டணும். அதுக்கு நான் சும்மாவே குந்தினு இருக்கேன் போ."

சரி, ரிப்பேர் பார்ப்போம் என்று தோன்றியது அதனால்தான். புது ரேடியோவும் காட்டினேன், கடையில் வைத்தே. பட்டனெல்லாம் மிளகு சைஸ், எண் காட்டுகிற திரை. ஆயா அதைக் கையில்கூட வாங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, சேப்பாக்கத்தில் நூலகத்துக்குப் போய்விட்டு, ரேடியோவை காலேஜ் பையில் போட்டுக்கொண்டு வாலாஜா ரோட்டில் ஸ்டேடியத்தைத் தாண்டி நடந்து, அண்ணா சிலைப் பக்கம் மவுண்ட் ரோட்டைக் கடந்து உள்ளே போனேன். சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் ஸ்டேஷனில் இறங்கினாலும் நடக்கிற தூரம்தான். அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் "இன்னா மேடம் பாக்குறீங்க, டெம்பர் கிளாஸா, லேப்டாப் சர்வீஸா, சிசிடிவியா" என்று நாலு பேர் கூடவே வருவார்கள். நான் பையைத் திறந்து ரேடியோவைக் காட்டினேன், நாலு பேரும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டார்கள். அதில் ஒரு பையன் மட்டும், "அட, இதா, பாய் கிட்ட போங்க" என்று ஒரு மாடிப்படியைக் காட்டினான். பெயர்ப் பலகை இல்லை என்று சொன்னேன் அல்லவா, அந்தப் படிதான் அடையாளம்: கீழே மொபைல் கவர் விற்கிறவர், பக்கத்தில் ரிமோட் மட்டுமே விற்கிற ஒரு கடை, நடுவில் ஒரு ஆள் நுழைகிற அகலத்தில் படி. கேசினோ தியேட்டர் பக்கம் இருந்து வந்தால் இன்னும் சீக்கிரம்.

மேலே ஒரே அறை. சால்ட்ரிங் புகையும் பழைய தோல் வாசனையும். சுவரோடு சுவராக ரேடியோ, டேப் ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபயர் என்று கூரை வரை அடுக்கியிருக்கிறது, ஒவ்வொன்றிலும் செல்லோ டேப்பில் ஒட்டிய சீட்டில் ஒரு பெயரும் போன் நம்பரும். பாய்க்கு எழுபதுக்குக் கிட்ட இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பின் மூடியைத் திறந்து, ஒரு நிமிஷம் ஒன்றும் பேசாமல் பார்த்தார்.

"யாரும்மா இதுல கை வெச்சது?"

எங்கள் சித்தப்பா. ஐடிஐயில் முதல் வருஷம் படித்தபோது வைத்த கை, ஆயாவே பல தடவை திட்டிச் சொன்ன கதை. அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன், கூப்பிட்டுக் காட்டினார். போர்டில் சின்னச் சின்ன தகர டப்பா மாதிரி நான்கு நிற்கின்றன, அவற்றின் தலையில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று ஒவ்வொரு கலரில் திருகு. அதில் சிவப்பு வேறு கணக்கு, மற்ற மூன்றும் ஐஎஃப்டி என்கிற கம்பிச்சுருள்கள். எந்த ஸ்டேஷனைத் திருப்பினாலும் ரேடியோ அதை உள்ளே 455 கிலோ ஹெர்ட்ஸாக மாற்றித்தான் பெருக்குமாம், இந்த மூன்றும் அந்த 455-க்குச் சரியாக நிற்க வேண்டும். எங்கள் சித்தப்பா நான்கையும் ஸ்க்ரூ லூசாகியிருக்கிறது என்று நினைத்து இறுக்கிவிட்டிருக்கிறார். அதில் மஞ்சளின் தலை உடைந்தும் இருக்கிறது. "இத்தினி வருசம் இது பாடினதே பெருசு" என்றார் பாய்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார், எனக்குச் சொல்கிறாரா ரேடியோவுக்குச் சொல்கிறாரா என்று தெரியாத குரலில். பேட்டரி கசிந்து ஸ்பிரிங் எல்லாம் பச்சைக் களிம்பு. வால்யூம் கண்ட்ரோல் தேய்ந்துவிட்டது. கண்டன்சர்கள் உள்ளே காய்ந்துவிட்டன. ஸ்பீக்கர் காகிதம் கிழிந்து, யாரோ ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறார்கள் (இதுவும் எங்கள் வீட்டு வேலைதான், அம்மா). கடைசியில் இரண்டு டிரான்சிஸ்டர்களைத் தொட்டுப் பார்த்து, ஜெர்மானியம், ஏசி 128, இது போயிருந்தால் நான் கையை விரித்திருப்பேன், நல்லவேளை உயிரோடு இருக்கிறது என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அடுத்து சொன்னதில். "450 ஆகும். இந்தப் பொட்டிய வித்தா அவ்ளோ வராது. உள்ள இருக்கிறத எல்லாம் எடுத்துட்டு ஒரு ப்ளூடூத் போர்டு வெச்சுக் குடுத்தா 300-ல முடிஞ்சிரும், பென்டிரைவ் பாடும், எஃப்எம் வரும், வெளிய பாக்க அப்டியே இருக்கும். நெறைய பேர் அதான் பண்ணினு போறாங்க. யோசிச்சுச் சொல்லும்மா." அந்த போர்டு கீழே எந்தக் கடையிலும் தொங்குகிறது, அதை வைத்துத் தருவது அவருக்கு அரை மணி நேர வேலை, லாபமும் அதில்தான். இருந்தும் இரண்டையும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆயாவுக்கு என்று சொன்னேன். "அப்ப திருப்புற மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டு சீட்டை எழுத ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை வா என்றார். இங்கே குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள்: அவர் சொல்கிற செவ்வாய்க்கிழமை நம்முடைய செவ்வாய்க்கிழமை இல்லை. முதல் செவ்வாய் ஸ்பீக்கர் சைஸ் கிடைக்கவில்லை. அடுத்த செவ்வாய் அறை பூட்டியிருந்தது, போன் எடுக்கவில்லை. நான் வெயிலில் நடந்த கோபத்தில் கீழே ரிமோட் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன், அவர் பாவம், "அவருக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டும்மா" என்றார். திரும்ப நடந்து அண்ணா சதுக்கத்தில் 29ஏ பிடித்தேன். ஒரே ஆறுதல், 2021 மே மாதத்திலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் இந்த அலைச்சலுக்கு பஸ் காசு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. இல்லையென்றால் ரிப்பேர் கூலியைவிட போக்குவரத்துச் செலவு அதிகமாகியிருக்கும். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை அவரே கூப்பிட்டார், தொழுகை முடிந்து மூன்று மணிக்கு மேல் வரச் சொல்லி.

காத்திருந்த வாரங்களில் ஒரு நல்லதும் நடந்தது. வகுப்பில் ஒரு பொருளை எடுத்து அதன் வரலாற்றை எழுதச் சொல்லியிருந்தார்கள், நான் ரேடியோ என்று பெயர் கொடுத்தேன். இந்த ஊரில் 1924-லேயே ஒரு ரேடியோ கிளப் ஆரம்பித்து, அது பணமில்லாமல் நின்று, அதன் கருவியை மாநகராட்சி வாங்கி, 1930-லிருந்து கார்ப்பரேஷனே ஒலிபரப்பி, 1938 ஜூன் 16 அன்றுதான் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது. மறு வருஷம் மே மாதம் திருச்சி. கார்ப்பரேஷன் தண்ணி விடுவது, குப்பை எடுப்பது மாதிரி பாட்டும் போட்டிருக்கிறது. ஆயாவிடம் இதைச் சொன்னேன். "பாட்டாவது ஒழுங்கா வந்துச்சா?" என்றார்.

வெள்ளிக்கிழமை போனேன். ரேடியோ மேசை மேல் தனியாக இருந்தது, தோல் உறைக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து பளபளவென்று. பாய் பேட்டரி போட்டு, முள்ளை மெதுவாக நகர்த்தினார். 720-க்குப் பக்கத்தில் சென்னை வானொலி தெளிவாக வந்தது, ஏதோ ஒரு டாக்டர் சர்க்கரை நோய்க்கு என்ன சாப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வால்யூம் ஏற்றினால் கரகரப்பு இல்லை. புது ஸ்பீக்கரின் குரல் பழையதைவிடக் கொஞ்சம் மெல்லிசு, அதை அவரே சொன்னார், பழைய காந்தத்தின் கனம் இதில் வராது என்று. கணக்கு வாய்க்கணக்குதான்: கூலி 350, ஸ்பீக்கர் 150, கண்டன்சர்கள் 80, வால்யூம் கண்ட்ரோல் 60. ஆக 640. 450 என்றீர்களே என்றேன். உடைந்த மஞ்சள் ஐஎஃப்டிக்கு அவர் பழைய போர்டிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தார், அதற்குக் காசு போடவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு ஜிபே செய்தேன்.

கிளம்பும்போது, "வீட்ல எல்ஈடி பல்பு, போன் சார்ஜரு இதெல்லாம் ஓடினா கொர்ருனு இரைச்சல் வரும், செட்டு மேல கம்ப்ளெயின்ட் சொல்லாத. பொட்டியத் திருப்பித் திருப்பி வெச்சுப் பாரு, ஒரு பக்கம் நல்லா வரும்" என்றார். உள்ளே ஒரு ஃபெரைட் கம்பி படுத்திருக்கிறது, அதுதான் ஏரியல், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து சத்தம் கூடும் குறையும்.

சொன்ன மாதிரியே வீட்டில் ஆன் செய்ததும் மாவரைக்கிற மிஷின் சத்தம். அப்புறம் ஒரு வேட்டை நடந்தது பாருங்கள். ஹால் பல்பை நிறுத்தினோம், கொஞ்சம் குறைந்தது. தம்பியின் சார்ஜரைப் பிடுங்கினோம், பாதி போனது. கேம் நடுவில் 4 சதவீதத்தில் இருந்தவன் போட்ட கூச்சல் தனி. டிவிக்கு மேலே இருந்த பெட்டியை அணைத்ததும் மிச்சமும் போய், ஒரு பெண் குரல் செய்தி வாசிப்பது அடுக்களை வரைக்கும் கேட்டது. அம்மாவின் சீரியல் ஏழு மணிக்கு. இப்போது ஆறரையிலிருந்து ஏழு வரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் சார்ஜ் போடக்கூடாது என்று ஒரு சட்டம், போட்டது ஆயா, மீறுவது அப்பா. கழிப்பறையில் இருக்கிற பிளக்கில் ரகசியமாகப் போடுகிறார், ரேடியோ காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இப்போது அந்த நட்சத்திரத்துக்கு வருகிறேன். முதல் நாள் சந்தோஷத்தில் நான் கவனிக்கவே இல்லை. ஆயாதான் டயலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "புள்ளி எங்க?"

இல்லை. பாய் கண்ணாடியைத் தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறார். நாற்பது வருஷ அடுப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் போய்க் கண்ணாடி புதுசு மாதிரி இருக்கிறது, தாத்தா வைத்த மூன்று சிவப்பும் அதோடு போய்விட்டது. எனக்கு வயிற்றை என்னவோ செய்தது. ஆயா அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை, "சுத்தமாத்தான் தொடச்சிருக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டு பல்பைப் போடச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை வகுப்பை விட்டுவிட்டு நேரே அந்த மாடிக்குப் போனேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பாய் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அழுக்குன்னு நெனச்சேம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்திருந்தாலும் தப்பான எடத்துலதான் இருந்திருக்கும். உங்க சித்தப்பா திருகினத எல்லாம் சரி பண்ணிட்டேன்ல, ஸ்டேஷன் எல்லாம் நகர்ந்துச்சு. பழைய புள்ளிக்கு நேரா வெச்சா ஆயாவுக்கு ஒண்ணும் வராது." அதுவும் நிஜம்தான், வீட்டில் பார்த்தபோது சென்னை முன்னால் இருந்த இடத்தைவிட அரை விரல் தள்ளித்தான் நின்றது. தாத்தா புள்ளி வைத்தது சித்தப்பா கை வைத்த பிறகு என்றுதான் அர்த்தம், கெட்டுப்போன ரேடியோவுக்குப் பொருத்தமாக வைத்த புள்ளிகள் அவை. ஆனாலும் பாய், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்கள் அறையில் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிறதே, அதில் எத்தனையில் இப்படி யாராவது எதையாவது வைத்திருப்பார்கள்? அங்கே கொடுக்கப் போகிறவர்கள், எதைத் தொடக்கூடாது என்பதை அந்தச் சீட்டிலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள், கொடுப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். வாசல் வரை வந்து அவரே டீ சொன்னார், நான் குடித்தேன், கோபமாகத்தான் குடித்தேன். அப்புறம், பழைய டேப் ரெக்கார்டருக்கு பெல்ட் மாற்றுகிறாரா என்று கேட்டேன், மாற்றுகிறார், கேசட் மாட்டிக்கொண்டாலும் எடுத்துத் தருவாராம், கூலி 150-லிருந்து. சித்தப்பா கல்யாண கேசட் ஒன்று வீட்டில் இருக்கிறது, அதை அடுத்து கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன், செவ்வாய்க்கிழமை கணக்கைத் தெரிந்துகொண்டே.

அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல், பல்பு எல்லாம் அணைத்த பிறகு, ஆயா என்னைக் க்யூட்டெக்ஸ் எடுத்து வரச் சொன்னார். என்னிடம் சிவப்பு இல்லை, மெரூன்தான் இருந்தது. போன் வெளிச்சத்தில் நான் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, ஆயா காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு முள்ளை நகர்த்தினார். சென்னை உடனே கிடைத்தது, வைத்தேன். திருச்சிக்குப் பத்து நிமிஷம் ஆனது, பெட்டியை ஜன்னல் பக்கம் திருப்பி, தெருவில் ஒரு ஆட்டோ போய் முடிந்த பிறகு நாதஸ்வரம் மாதிரி ஏதோ வந்து, ஸ்டேஷன் பெயர் சொல்லும்வரை பொறுத்திருந்து, அங்கேயும் வைத்தேன். மூன்றாவதற்குப் பிரஷ்ஷை மறுபடி நனைத்தேன். ஆயா முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சிலோன் வரட்டும், அப்ப வெச்சுக்கலாம், பாட்டில அங்கியே வையி" என்றார். பாட்டில் இன்னும் ரேடியோ மேல்தான் இருக்கிறது. எடுக்க விடமாட்டேன் என்கிறார், போன வாரம் தோழியின் நிச்சயதார்த்தத்துக்கு வெறும் நகத்தோடு போய் வந்தேன்.